ஒரே அச்சு, பல விமானங்கள்: போர்க்கால டை-காஸ்ட் மாடல்களைப் பார்க்கும் முறை

பெட்டியில் "பேர்ல் ஹார்பர், 1941 டிசம்பர் 7" என்று போட்ட ஒரு ஜப்பானிய ஜீரோ போர் விமான மாடல் கைக்கு வந்தால், பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்து இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை அளந்துவிடுங்கள். 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு என்றால், 167 மி.மீ. வர வேண்டும். 153 வந்தால் அது அன்று பறந்த விமானம் இல்லை. அந்தத் தாக்குதலுக்கு அன்று கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜீரோவின் ஏ6எம்2 ரகத்துக்கு இறக்கை 12 மீட்டர். 11 மீட்டர் இறக்கை கொண்ட ஏ6எம்5 வந்ததே 1943-ல்தான். சின்னம், வால் எண், நிறம் எல்லாம் சரியாக இருந்தும் அடியில் இருக்கும் உடல் வேறு என்றால், அந்த மாடலில் மற்றதை எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் எனக்கு மனம் ஒட்டாது.

இப்படி நடப்பதற்கான காரணம் எளிது. உருக்கிய உலோகத்தை அச்சில் வார்க்கும் டை-காஸ்ட் தொழிலில் பெரிய செலவு எஃகு அச்சுதான். அதை வெட்டி முடித்துவிட்டால் போட்ட பணத்தை எடுக்க அதே அச்சிலிருந்து பல விமானங்களை வெளியிட்டாக வேண்டும். மாறுவது பெயின்ட்டும் எழுத்துகளும் மட்டும். கையில் இருக்கும் அச்சுக்குப் பொருந்துகிற விமானிகளாகத் தேடிப் போட்டால் நல்லது. புகழ்பெற்ற விமானி ஒருவரின் நிறத்தைப் பொருந்தாத அச்சின் மேல் ஏற்றினால் தவறு. ஆகவே மாடல் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த நாளின் எந்த விமானம், அந்த உடல் அந்த நாளில் இருந்ததா என்பது.

பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். அதன் ரகங்களை மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டு அழைப்பார்கள். முதலில் ப்ரொப்பெல்லர் இதழ்களை எண்ணுங்கள். 1940 கோடையில் சண்டையிட்ட மார்க் 1-க்கும் மார்க் 2-க்கும் மூன்று இதழ். 1942 நடுவில் படைக்கு வந்த மார்க் 9-க்கு நான்கு. க்ரிஃபன் இன்ஜின் பொருத்திய மார்க் 14-க்கு ஐந்து. பிறகு மாடலைக் கவிழ்த்துப் பாருங்கள். மார்க் 5 வரை வலது இறக்கைக்கு அடியில் ஒரு பெட்டி ரேடியேட்டர், இடது இறக்கைக்கு அடியில் சிறிய உருளை வடிவ ஆயில் கூலர். இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும். மார்க் 9-ல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பெட்டி. மார்க் 5 என்று பெட்டி சொல்லி, அடியில் இரண்டு பெட்டிகள் ஒரே அளவில் இருந்தால் அச்சு வேறு.

இதழ்கள் எந்தப் பக்கம் முறுக்கியிருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். மேலே சொன்ன மார்க் 1, 2, 5, 9 ஆகியவற்றில் இருப்பது மெர்லின் இன்ஜின். அதில், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் ப்ரொப்பெல்லர் கடிகார முள் திசையில் சுற்றும். க்ரிஃபன் அதற்கு எதிர்த் திசை. அதனால் மார்க் 14 மாடலின் இதழ்கள் மார்க் 9-ன் இதழ்களுக்குக் கண்ணாடிப் பிம்பம் போல இருக்க வேண்டும். நான்கு இதழ் ப்ரொப்பெல்லரை அச்சில் ஐந்தாக்கும்போது திசையை மாற்ற மறந்துவிடுவது சுலபமாக நடக்கக்கூடிய தவறு.

மார்க் 1-ன் இறக்கை முன்விளிம்பில் சின்னச் சின்னச் சிவப்புச் சதுரங்கள் தெரியும். அவை துப்பாக்கித் துளைகளை மூடி ஒட்டிய துணித் துண்டுகள். பனியும் ஈரமும் உள்ளே போகாமல் காக்க ஒட்டுவார்கள். முதல் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். ஆக, சிவப்புத் துண்டுகள் முழுதாக இருக்கிற மாடலில் இறக்கைக்கு அடியில் கரும்புகைத் தடம் நீளமாக வரைந்திருந்தால் இரண்டில் ஒன்று பொருந்தவில்லை. புகைத் தடம் இல்லாமல் சுத்தமாக விட்டிருக்கும் மாடலைத்தான் இந்த விஷயத்தில் நான் நம்புவேன்.

ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல் பார்க்க வேண்டியது வால். 1940-ல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் சண்டையிட்ட 'இ' ரகத்துக்குக் கிடைமட்ட வாலின் அடியில் இரண்டு முட்டுக்கம்பிகள் உண்டு. இறக்கை நுனி வெட்டியது போலச் சதுரமாக இருக்கும். அடுத்து வந்த 'எஃப்' ரகத்தில் முட்டுக்கம்பி இல்லை, நுனி வளைந்துவிட்டது. 'ஜி-6' என்றால் இன்ஜின் மூடியின் மேல், காக்பிட்டுக்கு முன்னால், இரு பக்கமும் ஒவ்வொரு புடைப்பு. பெரிய துப்பாக்கிகளுக்கு இடம் செய்ததால் வந்தது. ஜெர்மன் விமானங்களின் வாலில் ஸ்வஸ்திகா இல்லாமல் இருப்பதைத் தயாரிப்புக் குறையாக எண்ண வேண்டாம். அங்குள்ள சட்டத்தை உத்தேசித்துப் பல தயாரிப்பாளர்கள் அதை விட்டுவிடுகிறார்கள், அல்லது இரண்டு பாதியாகப் பிரித்துத் தனி ஸ்டிக்கராகத் தருகிறார்கள்.

அமெரிக்க பி-51 மஸ்டாங் விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது. பி-51பி-க்கு முதுகு உயர்ந்து கேனோபியோடு, அதாவது காக்பிட்டின் கண்ணாடி மூடியோடு, சேர்ந்துவிடும், துப்பாக்கி நான்கு. பி-51டி-க்கு நீர்க்குமிழி போன்ற கேனோபி, துப்பாக்கி ஆறு. இது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாமல் தவறவிடுவது இறக்கை. நிஜ மஸ்டாங்கின் இறக்கை முன்பகுதியில் தகட்டு இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் தொழிற்சாலையிலேயே பட்டி பார்த்துத் தேய்த்து, அலுமினிய நிறம் அடித்துவிடுவார்கள். காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. உடல் மட்டும் பளபளக்கும் வெறும் உலோகம். எனவே நல்ல மாடலில் உடலும் இறக்கையும் ஒரே வெள்ளியாக இருக்கக் கூடாது. இறக்கை கொஞ்சம் மங்கலாக, வழவழப்பாக, துப்பாக்கி அறை மூடிகளின் கோடுகள் மட்டும் தெரிய இருக்க வேண்டும். இறக்கை முழுக்க வரிவரியாக ரிவெட் குத்தியிருந்தால் உழைப்பு அதிகம் தெரியும், விமானம் தெரியாது.

தகட்டுக் கோடுகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1:72-ல் 0.2 மி.மீ. அகலக் கோடு என்பது நிஜத்தில் 14 மி.மீ. இடைவெளி. அப்படியொரு இடைவெளியோடு எந்தச் சண்டை விமானமும் பறக்கவில்லை. உலோக வார்ப்பில் அதைவிட மெல்லிய கோடு எடுப்பது கடினம், பெயின்ட் அடித்தால் நிரம்பியும் போகும் என்பதால்தான் கொஞ்சம் ஆழமாக வெட்டுகிறார்கள். அதுவரை ஏற்கலாம். அந்தக் கோட்டுக்குள் கறுப்பு மையையும் ஓடவிட்டால் விமானம் தரை ஓடு பதித்தது போல ஆகிவிடுகிறது.

நாளைச் சொல்லிக்கொடுக்கும் இன்னொரு அடையாளம் சின்னங்கள். நார்மண்டி தரையிறக்கத்துக்காக 1944 ஜூன் தொடக்கத்தில் நேச நாட்டு விமானங்களில் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அடித்தார்கள். வெள்ளையில் தொடங்கி வெள்ளையில் முடியும் ஐந்து பட்டைகள். ஒற்றை இன்ஜின் விமானத்துக்கு ஒவ்வொன்றும் 18 அங்குலம். 1:72-ல் அது 6.35 மி.மீ., ஐந்தும் சேர்ந்தால் 32 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பட்டை 5 அல்லது 8 மி.மீ. என்று வந்தால் கண்ணுக்கே உறுத்தும். அந்தக் கோடையிலேயே மேல்பக்கப் பட்டைகளை அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனவே 1944 குளிர்காலம் என்று சொல்லும் மாடலின் இறக்கை மேலே முழுப் பட்டைகள் இருந்தால் யோசியுங்கள். நிஜத்தில் இவற்றைத் தூரிகையால் அவசரமாக அடித்தார்கள். அதனால் ஓரம் லேசாகக் கோணலாகத் தெரியும்படி அச்சிட்டிருக்கும் மாடல்கள் உண்மைக்கு நெருக்கம்.

அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் பொட்டு 1942 மே மாதத்தில் நீக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் ஜப்பானியச் சூரியன் போலத் தெரிந்ததே காரணம். 1943 ஜூனில் நட்சத்திரத்தின் இருபுறமும் வெள்ளைப் பட்டைகளும் சுற்றிச் சிவப்பு ஓரமும் வந்தன. ஆகஸ்டிலேயே ஓரம் நீலமாகிவிட்டது. சிவப்பு ஓரம் போட்ட மாடல் என்றால் அந்தச் சில மாதங்களைச் சேர்ந்தது. பர்மா எல்லையில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானப் படை விமானங்களிலும் இதே பயத்தால் சிவப்பை எடுத்துவிட்டுக் கருநீல வட்டத்தில் வெளிர்நீல நடு வைத்தார்கள். அந்தப் பகுதி மாடலில் சிவப்பு நடு இருந்தால் பெட்டியில் போட்ட தேதியை மறுபடி வாசியுங்கள்.

ப்ரொப்பெல்லர் நுனியில் மஞ்சள் பூசுவது பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கம். அகலம் 4 அங்குலம், மாடலில் 1.4 மி.மீ.தான். 3 மி.மீ. மஞ்சள் பூசிய மாடல்கள் பொம்மை போலத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இனி கையில் எடுத்துச் செய்யும் வேலை. சேதம் மிக அதிகம் நடக்கிற இடம் லேண்டிங் கியர்.

பெரும்பாலான 1:72 மாடல்களில் சக்கரத்தை மடித்த நிலைக்கு ஒரு ஜோடி, இறக்கிய நிலைக்கு ஒரு ஜோடி என்று தனித்தனித் துண்டுகள் தருவார்கள். மாற்றும் முன் மேசையில் மென்மையான ஸ்பாஞ்சு ஒன்றைப் போட்டு, கேனோபியும் ஆன்டெனாக் கம்பமும் பதியாதபடி நடுவில் பள்ளம் வெட்டி, மாடலைக் கவிழ்த்து வையுங்கள். மடித்த நிலைத் துண்டை எடுக்க உலோகக் கருவி வேண்டாம். பல்குத்தும் குச்சியின் நுனியைச் சக்கரக் குழியின் உள்மூலையில் நுழைத்து லேசாக நெம்பினால் வந்துவிடும். ஓரத்தில் நெம்பினால் பெயின்ட் சில்லாகப் பெயரும். கூர்மையான விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லியதாகத்தான் படிந்திருக்கும்.

இறக்கிய நிலைக் காலை உள்ளே விடும்போது டயரைப் பிடித்து அழுத்தாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் கால் நடுவில் ஒடிவது அப்படித்தான். ஊசி போன்ற அடிப்பகுதிக்கு அருகில், மூடியோடு சேர்த்துப் பிடித்து நேராக அழுத்துங்கள். போகவில்லை என்றால் துளைக்குள் பெயின்ட் தங்கியிருக்கும். பல்குத்தும் குச்சியை உள்ளே விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் அந்தப் பெயின்ட் உதிரும். துரப்பணம் எடுக்கவே வேண்டாம். துளை அகன்றுவிட்டால் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

இடது வலது குழப்பம் வந்தால் ஒரு எளிய விதி. ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஆகியவற்றின் கால்கள் வெளிப்பக்கமாக, இறக்கை நுனியை நோக்கி மடியும். அதனால் கீழே நிற்கும்போது காலின் மூடித் தகடு உள்பக்கம் இருக்கும், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சக்கரம் முன்னால் தெரியும். மஸ்டாங், ஹரிகேன், தண்டர்போல்ட், ஃபோக்கவுல்ஃப் 190, ஜீரோ ஆகியவற்றின் கால்கள் உடலை நோக்கி உள்பக்கமாக மடியும். அவற்றுக்கு மூடி வெளிப்பக்கம். மடிக்கும்போது எந்தப் பக்கம் பூமியைப் பார்க்கும் என்று மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் எந்த விமானத்துக்கும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். மஸ்டாங்கில் இன்னொன்றும் உண்டு. நிறுத்தி வைத்த விமானத்தில் ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கியதும் உள்பக்கச் சக்கரக் கதவுகளும் இறக்கைப் பின்விளிம்பின் மடிப்புத் தகடுகளான ஃப்ளாப்களும் தானாகத் தொங்கிவிடும். தரையில் நிற்கும் மஸ்டாங் மாடலில் இவை தொங்கியபடி இருந்தால் குறையில்லை, கவனித்துச் செய்திருக்கிறார்கள்.

கால் தளர்ந்து ஆடினால் பிவிஏ வெள்ளைப் பசையை ஊசி முனை அளவு எடுத்து ஊசிப்பகுதியில் மட்டும் தடவி, முழுதாகக் காயவிட்டு, பிறகு சொருகுங்கள். காய்ந்த பசை ஒரு மெல்லிய உறையாக நின்று பிடித்துக்கொள்ளும், வேண்டியபோது கழற்றவும் செய்யலாம். சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி கேனோபியின் உள்பக்கம் வெண்பனி போலப் படியும். அதை எடுப்பது மிகக் கடினம், பெரும்பாலும் கேனோபியையே மாற்ற வேண்டியிருக்கும். உடைந்த ஆன்டெனாக் கம்பத்துக்கும் வெள்ளைப் பசை போதும். அது சுமக்கப்போகும் பாரம் ஒன்றுமில்லை.

துப்பாக்கிக் குழாய், இறக்கை நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றழுத்தக் குழாய் போன்றவை மென்மையான பிளாஸ்டிக். பெட்டிக்குள் அழுந்தி வளைந்தே வரும். விரலால் நேராக்கினால் இரண்டு நாளில் பழையபடி வளையும், அல்லது ஒடியும். சுமார் 70 டிகிரி சூட்டில் இருக்கும் தண்ணீரில் ஒரு பஞ்சுக் குச்சியை நனைத்து வளைந்த இடத்தில் அரை நிமிடம் ஒற்றி, மெதுவாக நேராக்கி, பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீர் நனைத்த இன்னொரு பஞ்சால் ஒற்றுங்கள். குளிர்ந்த பிறகுதான் விட வேண்டும். ஹேர் டிரையர் வைத்தால் எது இளகுகிறது என்று நம் கட்டுப்பாட்டில் இருக்காது. பக்கத்திலுள்ள அச்சு எழுத்தும் போய்விடும்.

அந்த எழுத்துகளும் சின்னங்களும் பெரும்பாலும் டேம்போ முறையில், மென்மையான சிலிகான் திண்டால் ஒற்றி எடுத்தவை. பெயின்ட்டின் மேல் மிக மெல்லிய மை. ஸ்பிரிட், ஆல்கஹால், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது. தூசியை நீக்க முகப்பூச்சுக்குப் பயன்படும் அகலமான மென்தூரிகை சிறந்தது. மூக்கிலிருந்து வாலை நோக்கி மட்டும் ஓட்டுங்கள். துணி எவ்வளவு மென்மையானாலும் குழாய்களில் மாட்டி இழுத்துவிடும். விரல் ரேகை படிந்தால் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த பஞ்சு போதும். டப்பாவில் வரும் அழுத்தக் காற்றை விடாதீர்கள். சாய்த்துப் பிடித்தால் திரவமாகவே தெறித்துப் பெயின்ட்டில் வெள்ளைக் கறை விடும். கையால் அழுத்தும் ரப்பர் ஊதி இருந்தால் அது நல்லது.

ஸ்டாண்ட் முனை துளைக்குள் இறுக்கமாகப் போய் வயிற்றுப் பெயின்ட்டைச் சுரண்டுவது வழக்கமான புகார். குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப்பை முனையில் ஒரே ஒரு சுற்று சுற்றினால் சுரண்டலும் நிற்கும், ஆட்டமும் நிற்கும்.

உலோகத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உடலும் இறக்கையும் ஜமாக் எனும் துத்தநாகக் கலவை. சுமார் 4 சதவீதம் அலுமினியம், மிகக் கொஞ்சம் மக்னீசியம். சுமார் 385 டிகிரியில் உருகி எஃகு அச்சுக்குள் சுலபமாக ஓடும் என்பதால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. இதன் எதிரி ஈயம். 0.005 சதவீதத்துக்கு மேல் கலந்துவிட்டால் உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கும். ஈரமும் சூடும் அதை வேகப்படுத்தும். வெளியே முதலில் தெரிவது சிறு கொப்புளம், பிறகு மயிரிழை விரிசல், பிறகு இறக்கை வளைந்து நீளும், கடைசியில் விரல் பட்டால் பொடி. இதைத் துத்தநாக நோய் என்பார்கள். லிவர்பூலில் தயாரான போருக்கு முந்தைய டிங்கி நிறுவனப் பொம்மை விமானங்களில் ஏராளமானவை இப்படித்தான் அழிந்தன. உலோகத்தோடு ஈயம் கலந்த கழிவும் உருகியதே காரணம். இதற்கு மருந்து கிடையாது. மேலே வார்னிஷ் அடிப்பதாலும் நிற்காது, ஏனென்றால் கெடுதல் உள்ளேயே இருக்கிறது. பக்கத்து மாடலுக்கு இது தொற்றும் என்று சிலர் பயப்படுகிறார்கள். தொற்றாது. ஒரே வார்ப்பில் வந்தவை ஒரே காலத்தில் கெடுவதால் அப்படித் தோன்றுகிறது.

நல்ல கலவையில் வந்த மாடலையும் வைக்கிற இடம் கெடுக்கும். ஓக் மரம், மரநாரை அழுத்திச் செய்த புது எம்டிஎஃப் பலகை ஆகியவை அமில ஆவி விடும். அடைத்த அலமாரிக்குள் அது துத்தநாகத்தைத் தாக்கும். கண்ணாடி, உலோகத் தட்டு, அக்ரிலிக் ஆகியவை பாதுகாப்பு. ஈரப்பதம் 40-லிருந்து 55 சதவீதத்துக்குள் ஏறி இறங்காமல் இருப்பது முக்கியம். சிலிகா ஜெல் பொட்டலத்தை வைத்துவிட்டு மறந்துவிடாமல் காயவைத்து மாற்ற வேண்டும். நேர் வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். வெள்ளை எழுத்துகள்தான் முதலில் மஞ்சளாகும்.

பெட்டியிலேயே வைத்திருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பழைய மென் ஸ்பாஞ்சு உறைகள் வருடங்கள் போகப்போகப் பிசுபிசுத்துப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். தெர்மோகோல் தட்டில் மென்மையான பிவிசி டயர் நேராகப் பட்டுக்கொண்டிருந்தால் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் தெர்மோகோலைக் கரைக்கும், டயர் அதில் புதைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பாலிஎத்திலீன் தாள் ஒன்று போதும். வருடத்துக்கு ஒருமுறையாவது பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

பழைய மாடலைப் படம் பார்த்து வாங்குவதானால் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: வயிறு, இறக்கை உடலோடு சேரும் இடம், கேனோபியை விளக்கெதிரே வைத்து எடுத்தது, பெட்டித் தட்டிலுள்ள குழிகள் எல்லாம் தெரிய ஒன்று. கடைசிப் படம்தான் எதெது தொலைந்திருக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பொருள் உண்டு: மடித்த கால், இறக்கிய கால், விமானி உருவம், கூடுதல் எரிபொருள் தொட்டி, சில மாடல்களில் சுழலும் ப்ரொப்பெல்லருக்குப் பதிலாக மாட்டும் கண்ணாடி வட்டம். காலியான குழிக்கு விற்பவரால் விளக்கம் சொல்ல முடியாவிட்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். தனியாக ஒரு காலைத் தேடிப் பிடிப்பது முழு மாடலைத் தேடுவதைவிடக் கடினம்.